அரசு செய்த பாவம் யார் கணக்கில்?

கோவலனை வெட்டியது காவலன். பொய்ப்பழி சுமத்தியது பொற்கொல்லன். ஆனாலும் பாண்டியன் நெடுஞ்செழியன் அவர்களுக்குப் பின்னால் ஒளியவில்லை. குற்றம் தன்னுடையது என்று ஏற்று அரியணையிலேயே உயிர்விட்டான் என்கிறது சிலப்பதிகாரம். பசுவின் கன்றுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டதாகச் சொல்லப்படும் மனுநீதிச் சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. ஆட்சியின் பிழை ஆள்பவனைச் சேரும் என்பதில் நம் பழைய அறத்துக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆள்பவர் ஒருவர் அல்ல, வாக்குரிமை பெற்ற கோடிக்கணக்கானோர் என்று ஆன பிறகு அந்தப் பழி யாரைச் சேர்கிறது?

இந்தக் கேள்வியை ஏட்டில் வைத்துப் பேச வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டைக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். ஊர் மக்களை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் 13 வயதுப் பள்ளிச் சிறுமியும் ஒருத்தி. வீடுகள் நொறுக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொல்லப்பட்டன, கிணறு பாழாக்கப்பட்டது. பிறகு அரூர் வனத்துறை அலுவலகத்தில், ஊர்க்கவுண்டரை அந்த ஊர்ப் பெண்களைக் கொண்டே துடைப்பத்தால் அடிக்க வைத்தார்கள். குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள்.

இத்தனையையும் செய்தவர்கள் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்.

அப்போது அதிமுக ஆட்சி. 1996இல் திமுக வந்தது, 2001இல் அதிமுக, 2006இல் திமுக, 2011இல் மறுபடியும் அதிமுக. ஒவ்வொரு தேர்தலும் கோட்டையில் இருந்தவர்களை மாற்றியது. ஆனால் லத்தியோடும் துப்பாக்கியோடும் வாச்சாத்திக்கு வந்தவர்கள் எந்தத் தேர்தலிலும் நின்றவர்கள் அல்ல, எந்தத் தேர்தலிலும் தோற்கக்கூடியவர்களும் அல்ல. சில நூறு வாக்குகள் உள்ள ஓர் ஊரின் துயரம், லட்சங்களில் எண்ணப்படும் தொகுதிக் கணக்கில் கரைந்துபோகும். நீதிமன்றத்தில் மட்டும்தான் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. அங்கே கூண்டில் ஏறும் ஒரே ஒரு பெண்ணின் சொல், ஒரு துறை முழுவதும் சேர்ந்து சொல்லும் மறுப்புக்கு எதிராக நிற்க முடியும். ஜனநாயகத்துக்கு இரண்டு வாசல்கள் தேவைப்படுவது இதனால்தான்.

அந்த இரண்டாம் வாசலும் தானாகத் திறக்கவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் கொடுமையை வெளியே கொண்டுவந்தது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. நல்லசிவன் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1995இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த அனைவருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரில் 126 பேர் வனத்துறை, 84 பேர் காவல்துறை, 5 பேர் வருவாய்த்துறை. 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. தீர்ப்பு வர 19 ஆண்டுகள் ஆனது என்பதை எந்தப் பாராட்டாலும் மறைக்க முடியாது.

அறத்தைப் பற்றிய நம் கேள்வி உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. 17 பேர் செய்த கொடுமைக்காக மற்றவர்களும் ஏன் தண்டிக்கப்பட வேண்டும்? அவர்கள் மேலதிகாரி போகச் சொன்னதால் போனவர்கள் அல்லவா? இதே வாதத்தை இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூரம்பர்க் நீதிமன்றம் கேட்டது. உத்தரவு என்பது குற்றத்தைக் கழுவாது என்று முடிவு செய்தது. தருமபுரியில் 215 பேரும் பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றவாளிகளானார்கள். நின்று பார்த்தவருக்கும், வண்டியில் ஏற்றியவருக்கும் அதில் பங்கு இருந்தது.

ஜெர்மானியத் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ் 1946இல் தம் நாட்டு மக்களிடம் குற்றத்தை நான்காகப் பிரித்துக் காட்டினார். சட்டக் குற்றத்தை நீதிமன்றம் விசாரிக்கும். அறக்குற்றத்தைத் தன் மனச்சாட்சி விசாரிக்கும். சக மனிதருக்கு நேர்ந்த கொடுமையைத் தடுக்காமல் இருந்ததற்குக் கடவுளின் முன் பதில் சொல்ல வேண்டும். இவற்றோடு அரசியல் குற்றம் என்று ஒன்றையும் அவர் வைத்தார்: தன் பெயரால் ஆளும் அரசு செய்தவற்றின் விளைவைக் குடிமகன் சுமந்தே தீர வேண்டும், அவன் அந்த ஆட்சிக்கு வாக்களிக்காதவனாக இருந்தாலும்.

2023 செப்டம்பர் 29 அன்று வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். நீதிபதி பி. வேல்முருகன் அதற்கு முன் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்த்தார். குற்றவாளிகளின் மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. அதில் பாதியைப் பாலியல் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னார். மீதிப் பாதி கருவூலத்துப் பணம். 1992இல் பிறந்தே இராத இளைஞர் கட்டும் வரியும் அதில் இருக்கிறது. அது நியாயமா என்றால், நியாயம்தான். தனக்கு முன் கட்டிய அணையின் தண்ணீரையும் பள்ளியின் படிப்பையும் பெற்றுக்கொள்கிறவர், அதே அரசு வைத்துவிட்டுப்போன கடனை மட்டும் மறுக்க முடியாது.

அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அதிகாரி மீது நடவடிக்கை எடுக்கவும், பாதிக்கப்பட்ட பெண்களுக்கோ குடும்பத்தாருக்கோ வேலையோ சுயதொழிலோ அமைத்துத் தரவும் அதே தீர்ப்பு அரசுக்கு ஆணையிட்டது. அந்த ஆணைகள் என்ன ஆயின என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் வேலையை வாச்சாத்திப் பெண்கள் தலையிலேயே மறுபடியும் கட்டக் கூடாது. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அதைக் கேட்க வேண்டியவர்கள் அந்த ஊர்களின் வாக்காளர்கள்.