கல்லும் பற்றும்

உயிர்க்கு ஊறு செய்தல் தீவினை என்பதும், பிறர் பொருளை வௌவுதல் பழி என்பதும் எல்லாச் சமயத்தார்க்கும் ஒப்ப முடிந்தனவாம். ஆயின், உயிரற்றதும், உண்ணற்கும் உடுத்தற்கும் உதவாததுமாகிய கல்லொன்றை ஒருவன் விரும்பியெடுத்துத் தன் மனைக்கண் பேணி வைப்பானாயின், அச்செயலில் அறம் இது, மறம் இது எனப் பகுத்தாராயத் தக்கது யாதேனும் உண்டோ? கனிப்பொருள்களையும், மணிகளையும், வானினின்றும் வீழ்ந்த கற்களையும் தேடித் திரட்டும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அமெரிக்க நாட்டு டூசான் நகரத்தில் ஆண்டுதோறும் கூடும் கற்சந்தைக்குப் பல தேயத்தாரும் செல்கின்றனர். விண்கற்கள் பெருநகரங்களில் ஏலத்தில் விலை கூறப்படுகின்றன. ஆதலின் இவ்வினா வெறும் வாதத்தின்பொருட்டு எழுந்ததன்று. கல்லைத் திரட்டுவோன் திரட்டுவது கல்லையோ, பற்றையோ என்பதே ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். உலகம் பொய்த்தோற்றம் என்பார்க்கு இவ்வாராய்ச்சி வேண்டா. பொய்யாகிய கல்லை எடுத்தாலென், விடுத்தாலென்? சித்தாந்திகளாகிய நமக்கோ உலகம் உள்பொருள். உயிர்கள் அறிவு விளங்கி உய்தற்பொருட்டு இறைவன் அதனை மாயையினின்றும் தோற்றுவித்தருளினன். அஃது இருளிற் கிடப்பானுக்கு விடியுமளவும் ஏற்றிவைத்த விளக்குப் போல்வது. ஆகவே கல்லை உற்று நோக்கி அதன் இயல்பறிதல் இழிதொழில் ஆகாது. விளக்கை விளக்காகக் கொள்ளும் செயலேயாம்.

திரட்டி வைத்தலினால் அறிவு வளர்ந்தமைக்கு விண்கற்களின் வரலாறே சான்று. கி.பி. 1492 நவம்பர் 7ஆம் நாள் அல்சாசு நாட்டு என்சிசைம் என்னும் ஊர்ப்புறத்தில் ஒரு கல் வானினின்றும் வீழ்ந்தது. அதன் நிறை 127 கிலோ என்பர். கண்டோர் அதனை உடைத்துத் துண்டுகளைக் கொண்டேகினர். மாக்சிமிலியன் என்னும் அரசன் அதனைக் கோயிலில் வைத்துக் காக்குமாறு பணித்தமையால் எஞ்சியது பிழைத்தது. எனினும் இன்று அவ்வூரிற் காணப்படுவது பாதியினும் குறைவே. கண்ணாற் கண்டார் இவ்வாறு கூறவும், பின்வந்த அறிஞர் பலர் வானினின்றும் கல் விழும் என்பதை நம்பினாரல்லர். 1768இல் பிரான்சு நாட்டு லூசே என்னுமிடத்து வீழ்ந்த கல்லை ஆராய்ந்தோர், அது மின்னல் தாக்கிய நிலக்கல்லே என்று முடிவு கட்டினர். சைபீரியாவினின்றும் 1772இல் பாலசு என்பார் அனுப்பிய இரும்புத்திரள் முதலியவற்றைப் பற்றிய குறிப்புக்களைத் தொகுத்து, அவை புவிக்கு அப்பாற்பட்டனவே என்று கிளாட்னி என்னும் செருமானிய அறிஞர் 1794இல் நூல் எழுதினார். 1803 ஏப்பிரல் 26ஆம் நாள் பிரான்சு நாட்டு லேகிள் என்னும் ஊரில் ஏறத்தாழ மூவாயிரம் கற்கள் சொரிந்தன. பியோ என்பார் நேரிற் சென்று ஆராய்ந்துரைத்த பின்னரே ஐயம் நீங்கிற்று. 1956இல் பாட்டர்சன் என்னும் அறிஞர், அரிசோனா மாநிலத்துக் கிடைத்த விண்ணிரும்பு முதலியவற்றிலுள்ள ஈயத்தை அளந்து, இந்நிலவுலகின் அகவை ஏறத்தாழ 455 கோடி ஆண்டு என்று நிறுவினார். இவையெல்லாம் யாரோ ஒருவர் கல்லைக் குனிந்தெடுத்துப் போற்றி வைத்தமையால் விளைந்தன. இவ்வறிவு நன்றே என்பதில் ஐயமில்லை.

அற்றேல், அறிவு பயத்தலின் கற்றிரட்டல் எஞ்ஞான்றும் குற்றமற்றதே எனின், அன்று. பயன் நன்றாயினும் வந்த வழி தீதாதல் கூடும்.

கிரீன்லாந்தின் வடபால், யார்க்கு முனை என்னுமிடத்தருகே பெரிய இரும்புத்திரள்கள் சில கிடந்தன. இரும்பை உருக்கியெடுக்கும் தொழிலறியாத இனூயித்து மக்கள் பன்னூறாண்டுகளாக அவற்றினின்றும் சிறு தகடுகளைத் தட்டியெடுத்துக் கத்தியும் எறியீட்டி முனையும் செய்துகொண்டனர். கூடாரம், பெண், நாய் என்று அவற்றுக்குப் பெயருமிட்டிருந்தனர். பியரி என்னும் அமெரிக்கர் 1894இல் அம்மக்களுள் ஒருவர் வழிகாட்டச் சென்று அவற்றைக் கண்டார். சிறியன இரண்டையும் 1895இலும், ஏறத்தாழ 31 டன் நிறையுள்ள கூடாரத்தை 1897இலும் கப்பலேற்றினார். அவை பின்னர் 40,000 டாலருக்கு நியூயார்க்கு நகரத்து இயற்கை வரலாற்றுக் காட்சிசாலைக்கு விற்கப்பட்டன. அக்காலத்து அம்மக்கட்கு வாணிகத்தால் இரும்புக் கருவிகள் கிடைத்தமையின் அக்கற்கள் வேண்டப்படவில்லை என்று அச்செயற்குச் சமாதானம் கூறுவாருமுளர்.

அச்சமாதானத்தை ஒப்புக்கொண்டே மேலே நிகழ்ந்ததை நோக்குக. அவ்வாண்டே அக்கப்பலிலேயே இனூயித்து மக்கள் அறுவரும் கொணரப்பட்டனர். நோய்வாய்ப்பட்டு அவருள் நால்வர் சில திங்களுள் இறந்தனர். கிசுக்கு என்பவர் இறந்தபோது, அவருடைய சிறு மைந்தன் மினிக்கு காணுமாறு போலிச் சவவடக்கம் ஒன்று நிகழ்த்தப்பட்டது. தந்தையின் எலும்போ காட்சிசாலையில் திரட்டுப் பொருளாக வைக்கப்பட்டது. நால்வர் எலும்பும் 1993இலேயே கிரீன்லாந்து மீண்டு மண்ணில் அடக்கம் பெற்றன. கல்லைத் திரட்டப் புக்க கை மனிதனைத் திரட்டுவதில் முடிந்தமை காண்க. இஃது ஒருவரது கொடுமை என்று மட்டும் கொண்டு கழித்தல் சாலாது. எப்பொருளையும் காட்சிக்குரியதெனவே நோக்கிப் பழகிய கண், எதிர்நிற்கும் உயிரையும் அவ்வாறே நோக்கும் என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

இனி மற்றொரு நிகழ்ச்சி. ஓரிகன் மாநிலத்து வில்லமெட்டுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 14 டன் நிறையுள்ள விண்ணிரும்பு ஒன்று கிடந்தது. கிளாக்கமாசு குலத்தார் அதனை ‘தோமனோவோசு’ என்று போற்றினர். வானுலகத்தாரால் தமக்கு அனுப்பப்பட்டதென்றும், அதன் குழிகளில் தேங்கும் மழைநீர் தூய்மையும் நலமும் தருவதென்றும் நம்பினர். 1902இல் எல்லிசு இயூசு என்பவர் அதனைக் கண்டு, ஒரு குழுமத்தின் நிலத்தினின்றும் பல திங்கள் உழைத்து முக்கால் மைல் இழுத்துத் தம் நிலத்தில் வைத்துக் கட்டணம் பெற்றுக் காட்டினார். குழுமத்தார் வழக்கிட்டனர். கல் குலத்தாரது வழிபாட்டுப் பொருள் என்று அக்குலத்து முதியோர் சான்று கூறினர். எனினும், நிலத்திற் கிடப்பது நிலமுடையாற்கே உரியது என்று 1905இல் ஓரிகன் உயர்முறை மன்றம் தீர்ப்பளித்தது. பின்னர்ச் செல்வ மாதொருவர் அதனை விலைக்கு வாங்கி, மேற்கூறிய காட்சிசாலைக்கே 1906இல் அளித்தார். எடுத்தவர், நிலமுடையார், வாங்கியவர் என்னும் மூவகையார்க்கும் அவ்வழக்கில் இடமிருந்தது. வணங்கியவர்க்கு மட்டும் இடமில்லை.

அக்கல்லை வணங்கியது அறியாமையன்றோ, இரும்பும் நிக்கலும் கலந்த திரளை வானவர் வடிவென்றல் பேதைமையன்றோ என வினவுவாருமுளர். பிறர் எது கூறினும் கூறுக; சைவராகிய நாம் அவ்வாறு கூறுதல் தகாது. கல்லையே திருமேனியாக வைத்து நாள்தோறும் நீராட்டி மலர் சாத்தும் மரபினர் நாம். தில்லையிற் படிக இலிங்கத்துக்கு நாடோறும் திருமுழுக்கு நிகழ்கின்றது. அதனை ஒரு கனிப்பொருளாய்வாளன் நோக்கின், அது குவார்ட்சு என்னும் கனிப்பொருளின் தெளிந்த வகையென்று உரைப்பான். அவன் கூற்றும் மெய்யே. அடியான் வணங்குவது கல்லின் கூறுகளையன்று, அதனை இடமாகக் கொண்டு அருளுவானையே. இரண்டு நோக்கும் ஒரு கல்லின்மேலேயே நிகழும். ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. நம் மூலத்தானத்து இலிங்கத்தை ஒருவன் பெயர்த்துச் சென்று, அதன் கூறுகளை நன்காராய்ந்து பலரும் காணக் கண்ணாடிப் பேழையில் வைத்தேன் என்பானாயின், நம் நெஞ்சம் என்படும்? அந்நெஞ்சத்தைக் கொண்டே அயலான் நெஞ்சத்தையும் அளத்தல் அறம்.

இவ்வழக்குக்கு ஒருவாறு தீர்வு பிற்காலத்துக் கிடைத்தது. 2000ஆம் ஆண்டு காட்சிசாலையாரும் கிராந்து ரோந்துக் கூட்டுக்குலத்தாரும் ஓர் உடன்பாடு செய்தனர். கல் காட்சிசாலையிலேயே இருக்கும். குலத்தார் ஆண்டுதோறும் வந்து தனித்து வழிபடலாம். பொதுமக்கள் காண வைத்தலைக் காட்சிசாலை என்றேனும் கைவிடின் கல் குலத்தார்க்கே உரியதாகும். ஆராய்ச்சியும் வழிபாடும் ஒருங்கு நிற்கக்கூடும் என்பதை இது காட்டிற்று. ஆயின் அதற்கு முன்னரே அக்கல்லின் முடிப்பகுதியினின்றும் 28 இராத்தல் அறுக்கப்பட்டு, செவ்வாய்க் கோளினின்றும் வந்ததொரு கல்லின் துண்டுக்கு மாற்றாகத் தனியொருவர்க்கு அளிக்கப்பட்டிருந்தது. 2007இல் அத்துண்டு ஏலத்துக்கு வந்தபோது குலத்தார் பெரிதும் வருந்தினர். அது விலைபோகாது மீண்டது. 2019இல் வேறொரு காட்சிசாலை தன்பாலிருந்த சிறு துண்டொன்றைத் தானே முன்வந்து குலத்தார்க்குத் திருப்பியளித்தது. அத்துண்டின் நிறை ஐந்து அவுன்சும் இல்லை. எனினும் திருப்பியளித்தார் செய்த அறம் நிறையால் அளக்கப்படுவதன்று.

மணிகளைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். விரலில் ஒளிரும் மணி தான் பிறந்த குழியைக் காட்டுவதில்லை. 2020 சூலை 2ஆம் நாள் மியன்மா நாட்டு பாகாந்து என்னுமிடத்துப் பச்சைக்கற் சுரங்கத்தருகே மண்மேடு சரிந்து, கழிவு மண்ணிற் கல் பொறுக்கிய ஏழைகள் 160க்கு மேற்பட்டார் மாண்டனர். அவ்விடத்துப் பிறந்த கல் ஒன்று மாசறு தூய்மையது என்று சான்றிதழ் பெற்று எங்கோ ஒரு பேழையிற் கிடக்கலாம். கல்லின்கண் மாசில்லை என்பது மெய். அதனைப் பெற்றவன் வழி மாசுடையதோ அன்றோ என்பதைச் சான்றிதழ் கூறாது.

இனிக் குற்றம் எங்கே உளதென ஆராய்வோம். கல்லின்கண் உளதெனின், கல்லை ஏந்தினோர் அனைவரும் குற்றவாளிகளாதல் வேண்டும், அங்ஙனம் காணோம். கண்டு மகிழ்தலில் உளதெனின், மலரையும் மதியையும் கண்டு மகிழ்தலும் குற்றமாய் முடியும், அதுவும் பொருந்தாது. எனவே ‘எனது’ என்னும் முனைப்பின்கண்ணேயே குற்றம் நிற்றல் பெறப்படும். நம் நூலோர் உயிரின் இயல்பை விளக்கப் படிகத்தையே உவமை கூறினர். படிகம் தனக்கென நிறமின்றி, சார்ந்ததன் நிறமாய்த் தோன்றும். உயிரும் சார்ந்ததன் வண்ணமாம். திரட்டுவோன் கல்லை ‘எனது’ என்று சாருங்கால், கல்லின் ஒளி அவனுக்கு வாராது, கல்லின் வன்மையே வரும். இனூயித்துச் சிறுவன் கண்முன் போலிச் சடங்கு நிகழ்த்தியவர் கல்வியில்லாதவர் அல்லர். அவர் நெஞ்சமே கல்லாயிற்று. அதே கல்லை இறைவன் படைப்பின் வியப்பென்று சார்ந்து நோக்குவானுக்கு அது பணிவைத் தரும். பொருள் ஒன்றே, சார்பு வேறு.

ஆதலின் கற்றிரட்டுவோன் தன்னைத்தானே வினவிக்கொள்ளத்தக்கன மூன்று. இது யாரிடமிருந்து, எவ்வழியால் வந்தது? இதனை வணங்குவாரோ, இதனால் வாழ்வாரோ, இதற்காக மாண்டாரோ உளரோ? இதனை நான் விடும் நாள் வருங்கால் யார் கையில் விடுவேன்? முதலிரண்டும் வந்த வழியை நோக்கியன; மூன்றாவது பற்றின் அளவைக் காட்டுவது. விடுதற்கு ஒருப்படாதவன் கல்லை உடையான் அல்லன். கல்லால் உடைமை கொள்ளப்பட்டவன்.

நன்கு விட்டாரும் உளர். மேற்கூறிய கிளாட்னி 1827இல் மறைந்தபோது, தாம் வாழ்நாளெல்லாம் தேடிய விண்கற்கள் பெர்லின் நகரத்துக் கனிப்பொருட்சாலையைச் சேரச் செய்தார். சேம்சு சுமித்சன் என்னும் ஆங்கில அறிஞர் பல்லாயிரம் கனிப்பொருள்களைத் திரட்டியவர், 1829இல் மறைந்தார். அவருடைய செல்வம், தாம் ஒருகாலும் கண்டிராத அமெரிக்க நாட்டில், மக்களிடையே அறிவைப் பெருக்கிப் பரப்பும் நிலையமொன்று நிறுவுதற்கு அவர்தம் இறுதி முறியின்படி சேர்ந்தது. அந்நிலையத்துக்குச் சென்ற அவருடைய கற்களனைத்தும் 1865இல் நேர்ந்த தீயில் அழிந்தன. நூறு கோடி ஆண்டு புவியின் வெம்மையைத் தாங்கிய கற்களும் மனிதன் கட்டிய மாளிகையின் தீயில் ஒரு பகலிற் போயின. திரட்டியது அழிந்தது, பிறர்க்கென ஈந்தது இன்றும் நிற்கின்றது.

வானினின்றும் வந்த இரும்பும் நம் காற்றின் ஈரம் பட்டால் துருவேறும்; அதனை உடையோர் அடிக்கடி துடைத்துப் பேணுவர். அங்ஙனம் துடைக்கும்போதெல்லாம், செம்பிற் களிம்பெனத் தம் அறிவை மறைத்துநிற்கும் முனைப்பையும் ஒருகால் நினைப்பாராயின், அக்கல் அவர்க்கு ஆசானாகும். நினையாராயின் அஃது ஒரு சுமையே. கல்லை எடுக்கற்க என்பது நம் கருத்தன்று. எடுத்தவன் அதனைத் தன்னுடையது என்னாது, தன்பால் அடைக்கலமாய் வந்தது என்று கொள்க. உரியார் உளராயின் அவர்பால் சேர்ப்பிக்க. இலராயின் அறிவு விழைவார் பலரும் காண வைக்க. இவ்வாறு செய்வான் கல்லைத் திரட்டினும் பற்றைத் திரட்டானாவன்.