தங்கிநிற்பதற்கு ஒரு விலை: பெருந்தொழில் நிறுவனங்களும் பொதுப்பணமும்

ஓர் ஊரிலே பல்லாயிரவர்க்கு வேலை வழங்கும் நிறுவனம் ஒன்று, தனக்கு வரிச்சலுகையோ மானியமோ கிடையாவிடின் வேறிடம் பெயர்ந்துவிடப் போவதாக அறிவிக்கின்றது எனக் கொள்வோம். மக்களின் வரிப்பணத்தைக் கொடுத்து அதனைத் தடுத்து நிறுத்துவது அரசாங்கத்துக்கு முறையாகுமா? இவ்வினா பொருளியலாளர்க்கு மட்டும் உரியதன்று. ஒருவரிடமிருந்து கட்டாயமாகப் பெற்ற பணத்தை மற்றொருவருக்கு எந்நியாயத்தின் பேரில் வழங்கலாம் என்னும் அறவியல் வினாவும் இதனுள்ளே பொதிந்துள்ளது.

வழங்கவேண்டும் என்போரின் வாதம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. ஆலை மூடப்பட்டால் தொழிலாளர் மட்டுமன்றி, அவர்களை நம்பியிருக்கும் கடைக்காரரும் வாடகைக்கு வீடு விட்டோரும் நலிவடைவர். அரசாங்கம் வரி வருமானத்தை இழப்பதோடு வேலையற்றோர்க்கு உதவியும் அளிக்க நேரும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மானியமே மலிவானது என்பர். பல்லாண்டு ஒரே தொழிலைப் பயின்ற ஒருவர் ஐம்பது வயதிற் புதுவேலை தேடி அலையும் துயரம் எக்கணக்கிலும் அடங்காதது என்பதையும் நாம் மறுத்தல் இயலாது.

எனினும், இவ்வாதம் நடைமுறையில் என்ன விளைவைத் தந்தது என்பதை நோக்குதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும். போயிங் விமான நிறுவனம் 1916 இல் அம்மாநிலத்துச் சியாட்டில் நகரிலே தோன்றியது. 2001 இல் அது தன் தலைமையகத்தைச் சிக்காகோவுக்கு மாற்றியது. புதிய 787 விமானம் தம் மண்ணிலேயே கட்டப்படவேண்டுமென விரும்பிய மாநிலச் சட்டமன்றம் 2003 இல், இருபது ஆண்டுகளுக்கென ஏறத்தாழ 320 கோடி டொலர் பெறுமதியான வரிச்சலுகைகளை வழங்கியது. ஆறாண்டுகள் கழிந்து, 2009 இல், அவ்விமானத்துக்கான இரண்டாவது கட்டுமானத் தொடரைத் தென் கரோலினாவில் அமைக்க நிறுவனம் தீர்மானித்தது. 2013 இல் 777எக்ஸ் விமானம் பற்றி அதே கேள்வி மீண்டும் எழவே, சட்டமன்றம் விசேட அமர்விற் கூடிச் சலுகைகளை 2040 வரை நீடித்தது. அவற்றின் பெறுமதி 870 கோடி டொலர் அளவினதென மதிப்பிடப்பட்டது. தொழிலாளரும் 2014 சனவரியிலே, மிகச் சிறிய பெரும்பான்மையால், தம் பழைய ஓய்வூதியத் திட்டத்தை விட்டுக்கொடுக்க இணங்கினர்.

777எக்ஸ் விமானம் அம்மாநிலத்திலேயே நிலைத்தது என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆனால் இத்தனை பேருக்கேனும் வேலை வழங்கவேண்டும் என்ற நிபந்தனை அச்சட்டத்தில் இருக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அங்கு நிறுவனத்தின் ஊழியர் தொகை குறைந்தது. உலக வர்த்தக அமைப்பின் வழக்கொன்றையடுத்து, சலுகையின் முக்கிய பகுதியொன்று 2020 இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில், 787 விமானத் தயாரிப்பு முழுவதையும் தென் கரோலினாவுக்கு மாற்றும் முடிவை நிறுவனம் அறிவித்தது. 2024 இல் ஐம்பது நாட்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், தாம் இழந்த ஓய்வூதியத் திட்டத்தை மீளப்பெறவில்லை.

இக்கொடுக்கல் வாங்கலை எவ்வகையிற் சேர்ப்பது? இது தானமாகாது, தானம் இல்லாதவருக்கு வழங்கப்படுவது. வாணிபமாகவும் கொள்ளல் அரிது. வாணிபத்தில் விற்ற பொருள் வாங்கியவனைச் சேரும். இங்கு விற்கப்படுவதோ ‘போகமாட்டேன்’ என்ற சொல். அது விற்றவரிடமே இருக்கின்றது. சில ஆண்டுகளில் அதனை மீண்டும் விற்கலாம். செங்கோலேந்திய அரசன் குடிகளிடம் பொருள் வேண்டுவதை வேலேந்திய வழிப்பறியாளனின் செயலுக்கு வள்ளுவர் ஒப்பிட்டார். வலிமையைக் கையிற் கொண்டு கேட்பது இரத்தலாகாது என்பதே அதன் உட்பொருள். இன்று அரசே கேட்கப்படும் நிலையில் நிற்கின்றது. ஆயினும் நிறுவனத்தைக் கள்வன் எனல் மிகையாகும். பெயர்ந்து செல்லும் உரிமை அதற்குண்டு. தன்னுடையதல்லாத பணத்தை உறுதியற்ற ஒரு சொல்லுக்காகக் கொடுக்கும் அரசாங்கமே குறைக்குரியது.

அப்பணம் யாருடையது என்பதை நம் நாட்டை வைத்து நோக்கினால் இவ்வினாவின் கூர்மை புலப்படும். 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைக்கப்பட்டபோது, முதலீட்டாளரை ஈர்ப்பதற்கு வரிவிடுமுறைகள் வழங்கப்பட்டன. இருப்பவரைத் தடுப்பதற்கன்றி வருபவரை அழைப்பதற்கே அவை வழங்கப்பட்டன எனினும் நியாயம் ஒன்றே. ஒருவர் இறுக்காத வரியைப் பிறர் இறுக்க நேரும். 2024 சனவரியிற் பெறுமதிசேர் வரி நூற்றுக்குப் பதினெட்டாக உயர்ந்தபோது, ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும் கூலியாளும் அதன் பங்கைச் செலுத்தினார். தனக்கு வேலை தராத நிறுவனம் ஒன்றுக்கு அவர் ஏன் உதவவேண்டும் என்பதற்கு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய விடை நம்மிடம் இருத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் ஆலைத் தொழிலாளரைக் கைவிடுவதா எனக் கேட்கலாம். அன்று. ஆபத்தில் உள்ள அயலவரைத் தாங்குதல் சமுதாயத்தின் கடன். ஆனால் அக்கடன் தொழிலாளருக்கு உரியது. அவர்களை வேலைக்கமர்த்தியவருக்கு உரியதன்று. வேல்சிலுள்ள போர்ட் டால்பொட் உருக்காலையில் மின்னுலை அமைப்பதற்கென 2023 இல் பிரித்தானிய அரசாங்கம் 50 கோடி பவுண் வரை வழங்க இணங்கியது. உருக்குத்தொழில் அங்கு அற்றுப்போகவில்லை. எனினும் 2024 செப்தெம்பரில் இறுதி ஊதுலை அணைந்தது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பாதிக்கப்பட்ட மக்களுக்கும் பிரதேசத்துக்குமென ஒதுக்கப்பட்ட நிதியில் அரசாங்கத்தின் பங்கு 8 கோடி பவுண். ஆலையைக் காத்தலும் ஆட்களைக் காத்தலும் ஒன்றல்ல என்பதை இவ்விரு தொகைகளும் உணர்த்துகின்றன.

எனவே மானியம் எந்நிலையிலும் தவறு எனக் கூறுவது நம் நோக்கமன்று. நிறுவனம் நாளை போய்விட்டாலும் ஊரிலே எஞ்சியிருப்பது எது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. தொழிற்பயிற்சி, துறைமுகம், பாதை, தொழிலாளரின் ஓய்வூதியம் ஆகியவை எஞ்சும். அவற்றுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுதல் நியாயமாகும். நிறுவனத்துக்கே கொடுக்க நேரின், இத்தனை வேலை, இத்தனை ஆண்டு, தவறின் பணம் திரும்பவேண்டும் என்ற நிபந்தனைகள் சட்டத்திலே எழுதப்படல் வேண்டும். அவற்றை ஏற்க மறுக்கும் நிறுவனம், தான் தங்கப்போவதில்லை என்பதை முன்னரே நமக்கு அறிவித்துவிட்டது எனலாம்.