ஒரே வரிசை நீதியாகுமா?

உள்ளாட்சி அலுவலகம் ஒன்றின் பிறப்பு இறப்புப் பதிவுச் சன்னல் முன் அண்மையில் நாம் நிற்க நேர்ந்தது. நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரின் இறப்புச் சான்றிதழை வாங்க அவருடைய பேரனோடு சென்றிருந்தோம். நமக்கு முன்னே ஓர் இளைஞர். அவரருகே கைக்குழந்தையோடு ஒரு பெண். இருவரும் ஜார்க்கண்டிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. குழந்தையின் பெயரைப் பதிவு செய்ய வந்திருந்தார்கள். தாயின் பெயர் மருத்துவமனைப் பதிவேட்டில் ஒருவிதமாகவும் ஆதார் அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தது. பிரசவ நாளன்று பெயர் கேட்டு எழுதியவருக்கு அப்பெயர் பழக்கமற்றது. காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். மருத்துவமனையில் திருத்தக் கடிதம் வாங்கிக்கொண்டு பகல் ஒரு மணிக்குள் மறுபடி வருமாறு சன்னலின் உள்ளிருந்து பதில் வந்தது. இது மூன்றாம் முறை என்றும், ஒவ்வொரு முறையும் ஒரு ஷிப்டு போகிறது என்றும் அந்த இளைஞர் அரைகுறைத் தமிழில் முறையிட்டார். எழுத்தர் சினங்கொள்ளவில்லை. "எல்லாருக்கும் இதே விதிதாங்க" என்றார்.

அந்த எழுத்தரைக் கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. அவர் கையூட்டுக் கேட்கவில்லை. வடக்கிலிருந்து வந்தவர் என்று இழித்துப் பேசவில்லை. நம் வெள்ளை அங்கியைக் கண்டு வரிசையை மீறி நம்மை முன்னே அழைக்கவும் இல்லை. ஆயினும் அத்தம்பதியர் படியிறங்கிப் போனபோது, ஓர் அநீதி நம் கண்முன் நடந்தேறியது போன்ற உறுத்தல் நம்மை விட்டு அகலவில்லை. விதி ஒன்று, வரிசை ஒன்று, நேரம் ஒன்று. பின் குறை எங்கே? இக்கேள்வியை வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

கேள்வி சிறியதன்று. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 2023இல் அது திருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசுப் பணி என எங்கு சென்றாலும் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரமாகும். ஆகவே அந்தச் சன்னலில் தடைப்பட்டு நின்றது வெறும் காகிதம் அன்று. ஒரு குழந்தையின் வருங்காலம்.

வந்தவர்களால் ஆன ஊர்

திருப்பூர் 2008இல் மாநகராட்சியாக உயர்ந்தது. 2009இல் ஒரு மாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. இன்று 60 வார்டுகள் கொண்ட இம்மாநகரை வளர்த்தவர்கள் பெரும்பாலும் பிற இடங்களிலிருந்து வந்தவர்களே. முதலில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வந்தார்கள். பின்னர் மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம் எனத் தென்மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். அதன்பின் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் எனத் தொலைவிலிருந்து வருகிறார்கள். நேற்று வந்தவர் இன்று 'நம்ம ஊர்' என்கிறார். இன்று வந்தவரை 'வெளியூரான்' என்கிறார்.

இவர்களுள் பலர் வாழ்வது லைன் வீடுகளில். ஒரே கூரையின் கீழ் எட்டு அல்லது பத்து அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், அல்லது ஐந்தாறு ஆடவர். எல்லாருக்கும் சேர்த்து ஒரே குடிநீர் இணைப்பு. அதுவும் வீட்டு உரிமையாளர் பெயரில். அடுத்த தெருவில் நால்வர் வாழும் மாடி வீட்டுக்கும் ஓர் இணைப்பு. குழாயில் நீர் வரும் நேரம் இரண்டு தெருவுக்கும் ஒன்றே. 'இணைப்புக்கு இணைப்பு' பார்த்தால் குறையேதும் இல்லை. 'வாய்க்கு வாய்' பார்த்தால், ஒருபுறம் தொட்டி நிரம்பி வழிகிறது. மறுபுறம் நான்கு குடத்துக்குச் சண்டை மூள்கிறது. நீர் வரும் நேரத்தில் மெஷினில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த நான்கு குடமும் இல்லை. எதை அலகாகக் கொண்டு சமம் என்கிறோம் என்பதிலேயே நீதியும் அநீதியும் அடங்கியுள்ளன.

முகம் பார்த்தலின் இருவகை

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் புனித தோமா அக்குவினா கூறும் ஒரு வேறுபாட்டை மனப்பாடமாகப் படித்தோம். அதன் பொருள் விளங்கப் பல்லாண்டு ஆயிற்று. வாங்கியதற்கும் விற்றதற்கும் இடையே இருக்க வேண்டிய சமம் ஒருவகை. பொதுவில் உள்ளதை மக்களிடையே பகிர்வதில் இருக்க வேண்டிய சமம் வேறுவகை. முன்னதில் இவ்வளவுக்கு இவ்வளவு என்பதே கணக்கு. பின்னதில் அக்கணக்கு போதாது. பெறுபவருக்கும் பெறும் பொருளுக்கும் உள்ள பொருத்தம் பார்க்கப்பட வேண்டும். இதைப் பங்கீட்டு நீதி என்பர்.

இந்தப் பங்கீட்டு நீதிக்கு எதிரான பாவத்தையும் அவர் பெயரிட்டுக் காட்டுகிறார். நம் தமிழில் அதற்கு அழகான சொல் உண்டு: முகத்தாட்சண்யம். கற்பிக்கும் பதவியை ஒருவருடைய அறிவைக் கண்டு அளித்தால் அது நீதி. அவர் செல்வர் என்பதற்காக அல்லது உறவினர் என்பதற்காக அளித்தால் அது முகத்தாட்சண்யம். ஆளைப் பார்த்ததே குற்றம் என்று அக்குவினா கூறவில்லை. ஆளிடம் எதைப் பார்த்தோம் என்பதே வினா. கற்பிக்கும் பணிக்கு அறிவு தொடர்புடையது, பணம் தொடர்பற்றது. அவ்வாறே குடிநீருக்குத் தாகம் தொடர்புடையது, சாதி தொடர்பற்றது. சான்றிதழுக்குக் குழந்தை பிறந்த உண்மை தொடர்புடையது. பெற்றோரின் தாய்மொழி தொடர்பற்றது.

தொடர்பற்ற வேற்றுமையைக் கணக்கில் சேர்ப்பது ஓர் அநீதி. தொடர்புடைய வேற்றுமையைக் காண மறுப்பது மற்றோர் அநீதி. முன்னதை நாம் எளிதில் கண்டிக்கிறோம். பின்னது நடுநிலை என்னும் வேடத்தில் வருவதால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. நடுவு நிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், சான்றோர்க்குத் துலாக்கோலை உவமை காட்டினார். துலாக்கோல் பொருளை எடைபோடுமுன் தன்னைச் சமன் செய்துகொள்கிறது. தட்டு ஏற்கெனவே ஒருபுறம் சாய்ந்திருக்க, இருபுறமும் ஒரே படிக்கல்லை வைத்துவிட்டுச் சமம் என்று சொல்வது தராசு பிடிப்பவரின் நேர்மையாகாது.

இங்கு ஒரு மறுப்பு எழும். "வரி கட்டுபவர்கள் நாங்கள், நேற்று வந்தவருக்கு எதற்கு இத்தனை சலுகை?" என்று நல்ல கிறிஸ்தவர்களே நம்மிடம் கேட்டதுண்டு. லைன் வீட்டு உரிமையாளர் கட்டும் சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் யார் கொடுக்கும் வாடகையிலிருந்து வருகின்றன? இரசீதில் பெயர் இல்லாததால் ஒருவர் கொடுத்தது கொடுக்காததாகிவிடாது. மேலும், நாம் கேட்பது சலுகை அன்று. ஒரு ரேஷன் அட்டையை மாநிலம் விட்டு மாநிலம் எடுத்துச் சென்று பயன்படுத்தும் திட்டம் 2020 அக்டோபரில் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. அதனால் எவருடைய அரிசியும் குறையவில்லை. இடம்பெயர்ந்தவர் தம் பங்கை இருந்த இடத்திலேயே பெற வழி பிறந்தது. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. அதிகாரிகள் தொழிலாளர்களிடம் இந்தியில் பேசி அச்சத்தைத் தணித்தார்கள். அச்சத்தின் நாளில் நமக்குக் கிடைத்த மொழி, சாதாரண நாளின் சன்னலில் ஏன் கிடைப்பதில்லை?

பரிமாறும் கை

பணியைப் பெறுபவரிடம் மட்டுமன்று, பணியைச் செய்பவரிடமும் சமத்துவம் சோதிக்கப்படுகிறது. திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் 2018 ஜூலையில் நடந்தது நம் நினைவை விட்டு நீங்காதது. சத்துணவு சமைக்க வந்த பெண் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதற்காக, அவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். கண்டனம் எழுந்தபின் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். வழக்கு ஏழாண்டு நடந்தது. 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

சோற்றுக்குத் தொடர்பற்ற ஒன்றைச் சோற்றில் பார்த்த பாவம் அது. எதிர்த்தவர்களின் பாவம் வெளிப்படை. அவரை மாற்றி ஊரில் அமைதி காக்கலாம் என்று எண்ணியது அதைவிட நுட்பமான பிழை. அமைதிக்காக எப்போதும் எளியவரையே இடம் மாற்றுவது அமைதியாகாது. நம் தெருக்களைக் கூட்டிச் சாக்கடையைத் தூர்வாரும் கைகள் கொங்குப் பகுதியில் பெரும்பாலும் எந்தச் சமூகத்தின் கைகள் என்பதையும், அவர்களுக்கு நாம் எந்தக் குவளையில் தண்ணீர் தருகிறோம் என்பதையும் நம் மனச்சான்று நம்மைக் கேட்கட்டும்.

தொடக்கத் திருச்சபையின் பந்தி

இச்சிக்கல் திருச்சபைக்குப் புதிதன்று. அதன் முதல் உட்பூசலே ஓர் அன்றாடப் பங்கீட்டில்தான் எழுந்தது என்று திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் நாள்தோறும் நடந்த பந்தியில் கவனிக்கப்படவில்லை. எவரும் வேண்டுமென்று அவர்களைப் பட்டினி போட்டதாக அங்கு எழுதப்படவில்லை. மொழி வேறு, உறவு வேறு. கண்ணில் படவில்லை, அவ்வளவே.

திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? "பந்தி எல்லாருக்கும் பொதுதானே" என்று பதில் சொல்லி அனுப்பிவிடவில்லை. முணுமுணுப்பைச் செவிமடுத்தார்கள், சபை முழுவதையும் கூட்டினார்கள், எழுவரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா - ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்டவர்களின் மொழியறிந்தோர் கையில் கரண்டி தரப்பட்டது. நம் நாட்டில் 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சி மன்றங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மகளிருக்கும் இடம் ஒதுக்கியது. தமிழகம் 2016இல் மகளிர் பங்கைப் பாதியாக உயர்த்தியது. 2025இல் மாற்றுத்திறனாளிகளை மன்றங்களில் உறுப்பினராக நியமிக்கச் சட்டம் இயற்றியது. இவற்றின் பின்னால் நிற்பதும் அதே ஞானம்தான். யார் பந்தியில் மறக்கப்படுகிறாரோ அவர் பரிமாறும் இடத்தில் இருந்தாக வேண்டும்.

நம் சன்னல்

இதுவரை எழுதியதை இத்துடன் நிறுத்தினால் நாம் உண்மையை மறைத்தவராவோம். அந்த இளைஞர் படியிறங்கும்போது நம்மைத் திரும்பிப் பார்த்து, அடையாளம் கண்டு, "ஸ்தோத்திரம், ஃபாதர்" என்றார். நமக்கு அவரைத் தெரியவில்லை. அவர்தாம் நினைவூட்டினார். இரண்டு மாதம் முன்பு, குழந்தையின் திருமுழுக்குக்காக நம் பங்கு அலுவலகத்துக்கு வந்தார்களாம். சொந்தப் பங்கிலிருந்து திருமணச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் கொண்டுவரச் சொல்லி நாமே அனுப்பிவிட்டோமாம். ஊருக்குப் போய்வர இரண்டு நாள் இரயில் பயணம். அவர் குறை கூறவில்லை. "அங்கேயும் ரூல்ஸ், இங்கேயும் ரூல்ஸ்" என்று சிரித்தார். அச்சிரிப்பு நம்மைச் சுட்டது. எழுத்தர் சொன்ன அதே சொல்லை, அதே சாந்தத்தோடு, நாம் இறைவனின் பெயரால் சொல்லியிருந்தோம்.

மொழி, இனம், பாலினம் முதலியவற்றால் எழும் பாகுபாடு இறைத்திட்டத்துக்கு முரணானது என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965இலேயே அறிக்கையிட்டது. 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனக் கொள்கை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு தொடர்வதை ஒப்புக்கொண்டது. கல்லறையிலும் சாதி பிரிக்கும் ஊர்கள் நம்மிடையே உண்டு. ஆகவே உள்ளாட்சியின் சன்னலைக் குறைகூறும் தகுதி, நம் சன்னலைத் திறந்து வைத்த அளவுக்கே நமக்குண்டு.

அன்று மாலை, இந்தி அறிந்த அருள்சகோதரி ஒருவரின் துணையோடு அவ்விளைஞரின் சொந்தப் பங்குத்தந்தையைத் தொலைபேசியில் அழைத்தோம். பத்து நிமிடத்தில் பதிவேட்டைப் புரட்டி விவரம் சொன்னார். கடிதத்தை மறுநாள் கைப்பேசியிலேயே அனுப்பினார். விதி மீறப்படவில்லை. சான்று கேட்கப்பட்டது, சான்று கிடைத்தது. மாறியது ஒன்றே: அதைத் தேடும் சுமையை, சுமக்க வலுவற்றவர் தோளிலிருந்து சுமக்கக் கூடியவர் தோளுக்கு மாற்றினோம். மருத்துவமனைக்கும் அந்தப் பதிவுச் சன்னலுக்கும் இடையே இருந்ததும் ஒரு தொலைபேசி அழைப்பின் தூரம்தானே!

தமிழக நகரங்களில் 2022 முதல் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் சட்டப்படி அமைந்துள்ளன. அங்கே நம் தெருவின் விளக்குக்காகவும் சாலைக்காகவும் கேட்க நாம் போகிறோம், போகத்தான் வேண்டும். அடுத்த முறை போகும்போது, அந்தச் சபைக்கு வர ஷிப்டு விடாத ஒருவரின் குடத்தையும் நினைவில் ஏந்திச் செல்வோம். வரிசை ஒன்றாகவே இருக்கட்டும். ஆனால் வரிசையில் நிற்பவர் எவ்வளவு தொலைவு நடந்து அங்கே வந்தார் என்று கேட்க ஒருவரேனும் இருக்கட்டும்.