எல்லை கட்டிய கேள்வி

மனிதன் தன் வாழ்நாளில் மேற்கொள்ளும் காரியங்களுள், பிறர் வற்புறுத்தலின்றித் தானே சங்கற்பித்துத் தொடங்குகின்றவையும், தொடங்கியபின் தன்னையன்றி வேறெவராலும் முடித்துவைக்க இயலாதவையும் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. நடுவயதில், உத்தியோகத்தையும் குடும்பத்தையும் விட்டுவிடாமல், சுகாதார நிர்வாகத் துறையில் அத்தகைய ஆராய்ச்சியொன்றைத் தொடங்கி முடித்தவன் என்ற முறையில், முடித்தல் என்பது எத்தகைய செயல் என்று ஆராய எனக்குச் சிறிது பாத்தியதை உண்டு.

நான் வசிக்கும் புரோசார்ட், சென் லோறன்ஸ் நதியின் தென்கரையில், மொன்றியல் தீவுக்கு எதிரே, 1958இல் தோன்றிய நகரம். பெரிய வியாதி என்றால் எங்களவர் செல்வது அயலிலுள்ள கிறீன்ஃபீல்ட் பார்க்கின் ஷார்ல் லெ முவான் மருத்துவமனைக்கு. கியூபெக் மாகாணத்தில் 1961இல் மருத்துவமனைச் செலவையும், 1970 நவம்பரில் வைத்தியரின் கட்டணத்தையும் அரசு ஏற்றுக்கொண்டது; ஆதலால் நோயாளி பணம் செலுத்துவதில்லை, ஆயினும் காத்திருக்கிறான். ‘மக்கள் ஏன் காத்திருக்கிறார்கள்?’ என்பதே நான் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்ற கேள்வி. வழிகாட்டிய பேராசிரியர் பொறுமையோடு கேட்டுவிட்டு, யார், எங்கே, எதற்காக, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை என்று மட்டும் வினவினார். பல மாதங்கள் சென்றபின் எஞ்சியது இவ்வளவே: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதியவரின் வாயிற்படியில், பிரதேச சமூகசேவை நிலையத்தின் தாதி முதன்முதலாக வந்து நிற்பது எத்தனையாவது நாள்?

ஒரு பெருந்துயரத்தைத் திகதிகளின் நிரலாகச் சுருக்கிவிட்டதுபோல் அப்பொழுது மனம் கூசியது. எனினும் இத்துறையின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, சுருங்கிய கேள்விகளே அதனை வளர்த்திருக்கின்றன என்பது புலனாயிற்று. பெய்ரூத்தில் பிறந்த ஆர்மீனியரான அவெடிஸ் டொனபேடியன், 1966இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், வைத்தியத்தின் தரத்தை அளக்க விரும்புவோன் அமைப்பு, செயன்முறை, பயன் என்னும் மூன்று இடங்களில் எங்கே நின்று பார்க்கிறான் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளும்படி செய்தார். மூன்றிலும் ஒருங்கே நின்று பார்ப்பது ஒரு மனிதனுடைய சக்திக்குள் அடங்குவதன்று. நமது இலங்கையிலும், ராக்கபெல்லர் ஸ்தாபனத்தின் உதவியோடு 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவை ஆரம்பித்தவர்கள் தீவு முழுவதையும் ஒரே நாளில் சீர்திருத்தப் புறப்படவில்லை; களுத்துறை என்னும் ஒரு பிரதேசத்துக்கு எல்லை கட்டி, தாய்சேய் நலம், தொற்றுநோய்த் தடுப்பு, சுகாதாரக் கல்வி ஆகியவற்றை அங்கே நடத்திப் பார்த்தார்கள். இன்று தீவெங்கும் நாம் காணும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் அந்தச் சிறு எல்லைக்குள்ளிருந்து வளர்ந்தவையே.

கேள்வியைச் சுருக்குவது எளிதென்று சொல்லுமளவுக்கு அடுத்து வந்த இடர் பெரியது. நிர்வாகத்தை ஆராய்பவன், வான நூலார் நட்சத்திரத்தை ஆராய்வதுபோல, மனிதரால் மாற்றவியலாத பொருளொன்றை ஆராய்பவன் அல்லன். அவன் எழுதிக்கொண்டிருக்கும்போதே சட்டசபை அதனை மாற்றிவிடுகிறது. வீட்டுப் பராமரிப்பை நடத்திவந்த அந்தப் பிரதேச நிலையங்கள் 1970களின் தொடக்கத்தில் தோன்றியவை. 2004இல் அவை வேறு நிறுவனங்களோடு இணைக்கப்பட்டன. 2015 ஏப்ரல் 1ஆம் திகதி பிராந்தியச் சுகாதார முகவரகங்கள் ஒழிந்து, மாகாணத்தின் பெரும்பகுதி 22 ஒருங்கிணைந்த நிலையங்களின் கீழ் வந்தது. 2024 டிசம்பர் 1ஆம் திகதி அவையெல்லாம் ‘சாந்தே கெபெக்’ (கியூபெக் சுகாதாரம்) என்னும் ஒரே முகவரகத்தின் ஆட்சிக்குட்பட்டன. என் ஆராய்ச்சியின் நடுவில் விழுந்தது 2015. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் தரவுகளைப் பார்க்கும் அனுமதியும் கையில் வந்து, தாள்களைப் புரட்டத் தொடங்கியிருந்த வேளையில், அனுமதி வழங்கிய நிறுவனத்தின் பெயர்ப்பலகையே கழற்றப்பட்டுவிட்டது.

புதிய அமைப்பைப் பின்தொடர்வதா, பழையதோடு நிற்பதா என்ற ஐயத்தில் சக மாணவர் சிலர் ஆண்டுக்கணக்கில் உழன்றதை அறிவேன். அவர்கள் சோம்பேறிகளல்லர், உண்மையில் என்னிலும் ஊக்கமுடையவர்கள். வந்துகொண்டேயிருக்கும் செய்தி எதனையும் தள்ளிவிட மனமில்லாதவர்கள். நான் 2015 மார்ச் 31ஆம் திகதியை என் தரவுகளின் கடைசி நாளாக எழுதிவைத்தேன். அதற்குப் பின் நிகழ்ந்தவை எத்துணை சுவையுடையனவாயினும் வேறொருவருக்குரியவை என்று விட்டுவிட்டேன். இதில் வீரம் ஒன்றுமில்லை. கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும், “தம்பி, படிப்பு இன்னும் முடியேல்லையோ?” என்று அக்கறையோடு விசாரித்த பெரியவர்களுக்கு விடை சொல்ல வேண்டிய சங்கடமும் அத்தீர்மானத்துக்குத் துணைசெய்தது என்பதை மறைப்பானேன்!

தன் ஆயுட்காலத்தில் ஒரு பொருளைப் பற்றி அறியத்தக்கது அனைத்தையும் அறிந்துவிட்டே பேசுவேன் என்பவன் பணிவுடையவன்போலத் தோன்றுகிறான். என் கருத்தில் அதுவே அகங்காரத்தின் மிகச் சூக்குமமான வடிவம். அறிந்தது இவ்வளவு, அறியாதது இதற்கப்பால் என்று கோடிட்டுக் கையொப்பமிடுகின்றவன்தான் பிறர் வந்து திருத்துவதற்கு இடங்கொடுக்கிறான். பிரெஞ்சு மொழியில் எழுதிய என் ஆய்வேட்டைப் பரிசோதித்தவர்கள் அதன் குறைகளை நீளமாகவே எடுத்துரைத்தார்கள். ஏடு முடிந்திருந்ததனால்தான் குறைகளைச் சொல்ல முடிந்தது.

இந்தத் தென்கரையில், 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தினால் பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இன்று மருத்துவமனைகளிலும் அவற்றின் அலுவலகங்களிலும் பணிபுரிகிறார்கள். முதியோரிடம் தமிழிலும், தாதியரிடம் பிரெஞ்சிலும், உலக நூல்களிடம் ஆங்கிலத்திலும் பேசவல்ல அவர்களைவிட இவ்வாராய்ச்சிக்குத் தகுதியுடையோர் அரியர். 2024இல் வந்த மாற்றத்துக்குப் பின் தாதி எத்தனையாவது நாள் வருகிறாள் என்பதை அவர்களில் ஒருவர் கணக்கிட வேண்டும். அப்படித் தொடங்குவோர், தம் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே கடைசித் திகதியை எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.