கடைசி ஒன்றின் பாரம்

2017 மே 27. கேம்பிரிட்ஜுக்கு அருகே டக்ஸ்ஃபோர்டில் நடந்த விமானக் காட்சியில் பறந்துவிட்டு, ஒரு சீ விக்ஸன் ஜெட் தன் தளமான யோவில்டனுக்குத் திரும்பியது. பிரிட்டிஷ் கடற்படை 1972இலேயே ஓய்வு கொடுத்துவிட்ட ரகம். உலகில் பறக்கும் நிலையில் அப்போது மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். ஹைட்ராலிக் அமைப்பு பழுதாகிச் சக்கரங்கள் இறங்கவில்லை. விமானி சைமன் ஹார்கிரீவ்ஸ், வயிறு ஓடுபாதையில் உரச அதை இறக்கிவிட்டுக் காயமின்றி வெளியே வந்தார். விமானம் பலத்த சேதமடைந்தது.

விடுமுறை முடிந்து அலுவலகம் திரும்பியபோது நண்பர்கள் சொன்னார்கள்: "நல்லவேளை, விமானத்தைக் காப்பாற்றிவிட்டார்." மனிதர் பிழைத்தது பேச்சில் இரண்டாவதாகத்தான் வந்தது. அந்த வரிசை எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சீ விக்ஸன், இருக்கையோடு விமானியை வெளியே வீசும் ஏற்பாடு கொண்ட ரகம். ஆனால் அவர் வெளியேறியபின் ஆளில்லாத ஜெட் யார் கூரைமேல் விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கீழே இருப்பவர்களுக்காகக் கடைசிவரை உள்ளே இருப்பது ஒன்று. 'உலகில் இது ஒன்றுதான்' என்பதற்காக இருப்பது வேறொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே செயல். அவர் மனதில் எது இருந்தது என்று சொல்ல நான் யார்? ஆனால் இரண்டாவது காரணத்தை ஒரு விமானியின் தோளில் ஏற்றுபவர்கள், வேடிக்கை பார்க்கும் நாம்தான்.

இந்த ரகத்தின் முன்மாதிரி 1952இல் ஃபார்ன்பரோ காட்சியில் வானிலேயே உடைந்து, பார்வையாளர்கள் 29 பேரும் விமானத்தில் இருந்த இருவரும் இறந்தனர். 2015 ஆகஸ்டில் ஷோரமில் ஒரு பழைய ஹாக்கர் ஹண்டர் நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேரைக் கொன்றது. அவர்கள் காட்சித் திடலுக்குள் இருந்தவர்கள் அல்லர், வெளியே சாலையில் இருந்தவர்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடலாமா? அதற்கும் மனம் ஒப்பவில்லை. என் தொழிலில் இருபது முப்பது ஆண்டுப் பழைய மென்பொருள்களைப் பார்க்கிறேன். ஆவணங்கள் பத்திரமாக இருக்கும், இயக்கத் தெரிந்தவர் இருக்கமாட்டார். ஓடாத இயந்திரத்தோடு சேர்ந்து அதைப் பழுதுபார்க்கும் கையறிவும் போய்விடுகிறது.

எனவே பறக்கட்டும். ஆனால் இழக்கத் தயாராக இருப்பவர்களே கடைசி ஒன்றைப் பறக்கவிட வேண்டும். ஆபத்து வந்தால் கடலிலோ வெற்றுவெளியிலோ அதை விட்டுவிட்டு வா, யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டோம் என்று புறப்படும் முன்பே விமானியிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல நாவெழாதவர்கள் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுவதே நியாயம்.