இரத்தம் யாருடையது என்று கேட்காத சட்டம்

நாம் பாவமென்று கண்டிக்கும் தொழிலைச் செய்பவருடைய உயிருக்கும் சட்டம் காவல் நிற்க வேண்டுமா? "தானாகப் போய் விழுந்தவருக்குக் காவல் எதற்கு?" என்று சொல்லிவிடுவது எளிது. ஒரு சம்பவத்தைக் கேட்டபின் பதில் சொல்லுங்கள்.

2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில், ஆபாசப் படங்களில் நடித்துவந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி தொற்றியிருப்பது தெரியவந்தது. முந்திய பரிசோதனையில் அவருக்கு நோய் இல்லையென்றே வந்திருந்தது. அதன்பின் அவரோடு நடித்த பெண்கள் 13 பேர். அவர்களில் மூவருக்குத் தொற்றிவிட்டது.

சட்டம் இல்லாமல் இப்படி நடக்கவில்லை. இரத்தத்தால் பரவும் கிருமிகளிலிருந்து தொழிலாளரைக் காக்கும் விதிகளை அமெரிக்க அரசு 1991இலேயே வகுத்திருந்தது. எவருடைய இரத்தமாயினும் கிருமியுள்ளதாகவே கருதிப் பாதுகாப்புத் தேட வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. பி வகை ஈரல் அழற்சிக்கான தடுப்பூசியை முதலாளி இலவசமாகக் கொடுக்க வேண்டும். தொற்றுக்கு இடமேற்பட்டால் வைத்தியப் பரிசோதனைக்கும் அவரே பொறுப்பு. வைத்தியசாலைத் தாதியைக் காக்கும் அதே விதி இந்த நடிகையரையும் காக்கும் என்றே கலிபோர்ணிய அதிகாரிகள் கூறினர். படமெடுத்தோரோ பரிசோதனைச் சீட்டையே நம்பியிருந்தனர்.

"சம்மதித்துத்தானே நடித்தார்கள்?" என்பீர்கள். சாரத்தில் ஏறும் மேசன் வேலைக்குச் சம்மதிக்கிறான். விழுந்து சாவதற்கு அல்ல. கூலி கொடுத்ததனால் முதலாளியின் கடமை தீர்ந்துவிடாது.

ஆனால் காவல் செய்வதிலும் ஒரு முறையுண்டு. ஆபாசப் படங்களில் ஆணுறையைக் கட்டாயமாக்கும் சட்டத்தை லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட மக்கள் 2012இல் வாக்களித்து ஏற்றனர். மாநிலம் முழுவதற்குமான அத்தகைய யோசனை 2016இல் தோற்றது. அதிகாரிகள் நடவடிக்கை எடுக்காவிட்டால் மாநிலவாசி எவரும் வழக்குத் தொடரலாம் என்று அதில் இருந்தது. தங்கள் சொந்தப் பெயரும் முகவரியும் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, நடிப்போர் பலரே அதை எதிர்த்தனர். காக்கப்படுவோரிடம் கேளாமல் செய்யும் காவல் அவர்களுக்கே கண்ணியாகிவிடலாம்.

அத்தொழில் ஒழிய வேண்டுமென்று நாம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதுவரை அதில் அகப்பட்டவர் நோயுற்று அழியட்டும் என்று விட்டுவிட நமக்கு உரிமையில்லை. பாதுகாப்பு என்பது நல்லொழுக்கத்திற்குக் கொடுக்கும் பரிசல்ல.

நம் அயலில் ஒருவர் இத்தகைய நோயோடு படுத்திருந்தால், "இது எப்படி வந்தது?" என்றுதானே முதலில் விசாரிக்கிறோம்? "என்ன உதவி வேண்டும்?" என்பது அதற்குமுன் நம் வாயில் வரட்டும்.