குட்டி வாங்கும் முன் தாயின் எக்ஸ்ரே

பெருங்கடவிளை, மாராயமுட்டம், ஆரியங்கோடு, வெள்ளறடை என்று கிடக்கும் கேரள-தமிழக எல்லையோர ஊர்களில் ஆட்டுமந்தை என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. வீட்டுக்கு இரண்டு ஆடு இருந்தால் அதுவும் ரப்பர் மரத்தடியில் கயிற்றில் நிற்கும். ஆனாலும் பல வீடுகளில் கேட்டுக்குப் பின்னால் நின்று குரைப்பது மந்தைக்கென்றே உருவாக்கப்பட்ட நாய். பழைய ஆட்கள் அல்சேஷன் என்பார்கள், இளசுகள் ஜிஎஸ்டி என்பார்கள். ஜெர்மன் ஷெப்பர்ட் என்று முழுப்பெயரைச் சொல்வது விற்பவர்தான், அதுவும் விலையைச் சொல்லும்போது.

இந்த நாய்க்குப் பிறந்த தேதி உண்டு என்றே சொல்லலாம். 1899 ஏப்ரலில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் நடந்த நாய்க் கண்காட்சியில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஒரு மேய்ச்சல் நாயைப் பார்த்து, அங்கேயே விலைபேசி வாங்கினார். ஹோராண்ட் என்று பெயர் வைத்து, அந்த மாதமே ஒரு சங்கம் தொடங்கி, பதிவேட்டின் முதல் எண்ணை அதற்குக் கொடுத்தார். அந்த நாட்டில் வயல்களுக்கு வேலி இல்லை. ஆடுகள் பயிரில் வாய் வைக்காதபடி வரப்போரமாக நாய் காலையிலிருந்து மாலைவரை மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். களைக்காத அந்த ஓட்டத்துக்காகத்தான் அதன் பின்னங்கால் அப்படி அமைந்தது. பிற்காலத்தில் கண்காட்சிகளில் பரிசு வாங்குவதற்காக முதுகைச் சரித்து, பின்காலை இன்னும் வளைத்து, நிற்கும்போதே உட்காரப்போவதுபோல் ஆக்கிவிட்டார்கள். எனக்கு அந்த வடிவத்தில் அழகு தெரிந்ததில்லை.

இனத்தை நிலைநிறுத்த ஹோராண்டின் வாரிசுகளையே திரும்பத் திரும்பத் தங்களுக்குள் இணைத்தார்கள். ஆகவே இன்று உலகில் எங்கே இரண்டு அல்சேஷன்களை நிறுத்தினாலும் அவை தூரத்துச் சொந்தம்தான். எந்தத் தூய இனத்துக்கும் உள்ள விலை இது. நல்ல குணம் எப்படி உறைந்து நிலைக்கிறதோ அப்படியே நோயும் நிலைக்கும்.

நம் பக்கத்தில் குட்டி வியாபாரம் நடக்கும் விதம் தெரிந்ததுதான். "அண்ணா, பேப்பர் உண்டா?" "பின்னே! டபுள் கோட்டு, ஹெவி போனு. தகப்பன் இம்போர்ட் லைனாக்கும்." அதோடு கேள்வி முடிந்து பேரம் தொடங்கும். பேப்பர் என்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று. குட்டியின் பெற்றோர், பாட்டன் பாட்டி யார் யார் என்று அது சொல்லும். பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும், கிணற்றில் தண்ணீர் ஊறுமா என்று சொல்லாது அல்லவா? அதுபோல, பேப்பரில் இருக்கும் தகப்பன் ஆறு வயதில் மாடிப்படி ஏற முடியாமல் கிடந்தானா என்பது அதில் இருக்காது. அதற்கு வேறு காகிதங்கள் வேண்டும்.

முதலில் இடுப்பு. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் ஒட்டினாற்போல் உட்காரவேண்டும். சில நாய்களில் குழி ஆழமில்லாமல் தட்டையாகிவிடுகிறது, மூட்டும் தளர்ந்துபோகிறது. நடக்கும்போதெல்லாம் எலும்பு வழுக்கி வழுக்கி மூட்டு தேய்ந்து, வாதம் பிடிக்கிறது. ஹிப் டிஸ்பிளேசியா என்ற இந்தக் கோளாறு 1935-லேயே மருத்துவர்களால் விவரிக்கப்பட்டது. ஐந்தாறு மாதக் குட்டி முயல்போல் இரண்டு பின்காலையும் ஒன்றாக வைத்துத் தாவினால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். விவரம் தெரிந்தவருக்கு வராது. இதற்கு ஒற்றை மரபணு காரணமில்லை, பல மரபணுக்கள் சேர்ந்து கெடுக்கின்றன. அதனால் எச்சிலையோ இரத்தத்தையோ எடுத்துப் பார்த்தால் தெரியாது, எக்ஸ்ரேதான் எடுக்கவேண்டும்.

அந்த எக்ஸ்ரே சும்மா நிற்கவைத்து எடுப்பதல்ல. நாய்க்கு மயக்கமருந்து கொடுத்து மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு பின்காலையும் இணையாக இழுத்து நீட்டி, முழங்கால் சில்லு நடுவில் மேல்நோக்கி வரும்படி உள்பக்கமாகத் திருப்பிப் பிடிக்கவேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கக் குழி ஆழமாகவும் மறுபக்கம் ஆழமில்லாமலும் தெரியும். படத்தில் இரண்டு தொடைத் தலைகளின் மையத்தையும் கோட்டால் இணைத்து, அங்கிருந்து குழியின் விளிம்புக்கு இன்னொரு கோடு இழுப்பார்கள். அந்தக் கோணம் 105 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. ஐரோப்பிய முறையில் ஏ-யிலிருந்து ஈ வரை தரம் போடுவார்கள். ஜெர்மன் சங்கம் சி வரை இணைசேர்க்க விடுகிறது. அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய ஓஎஃப்ஏ அமைப்பு 24 மாதம் ஆகாத நாய்க்கு நிரந்தரச் சான்று தருவதில்லை.

விற்பவருக்குக் கசப்பது இந்த 24 மாதம்தான். பெட்டை முதல் ஹீட்டுக்கு வருவது ஒரு வயதுக்குள். இரண்டு வயதுவரை காத்திருந்தால் இரண்டு மூன்று ஹீட் வீணாகப் போகும், எக்ஸ்ரே முடிவு மோசமாக வந்தால் வளர்த்த செலவும் போகும். காத்திருப்பவரின் குட்டிக்கு விலை கூடுதலாக இருப்பதில் அநியாயம் ஏதும் இல்லை.

பெற்றோர் இருவருக்கும் ஏ என்றாலும் சில குட்டிகளுக்குக் கோளாறு வரலாம். வாய்ப்பு குறையும் என்பதே இந்தச் சோதனை தரும் உறுதி. மீதி வளர்ப்பில் இருக்கிறது. நார்வேயில் பெரிய இன நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படியேறிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு கூடுதலாகவும், மேடுபள்ளமான மண்ணில் அவிழ்த்துவிடப்பட்டவற்றுக்குக் குறைவாகவும் இருந்தது. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைத்துத் தின்றவற்றின் இடுப்பு நன்றாக இருந்தது, ஆயுளும் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடியது. இங்கே நடப்பது இதற்கு நேர்தலைகீழ். புது வீட்டின் வழுவழுப்பான டைல்ஸ் தரையில் குட்டி நான்கு காலும் நான்கு திக்கில் போகச் சறுக்கிக்கொண்டிருக்கும். எலும்பு கனக்கவேண்டும் என்று கால்சியம் டானிக்கை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். நல்ல தீவனம் தின்னும் பெரிய இனக் குட்டிக்கு மேற்கொண்டு கால்சியம் கொடுப்பது எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். வாசல் மண்ணும் ரப்பர் தோட்டத்துச் சரிவும் சும்மா கிடக்கின்றன.

எட்டு வயதைத் தாண்டிய அல்சேஷன் பின்காலை இழுக்கத் தொடங்கினால் எல்லோரும் இடுப்பு என்றே நினைப்பார்கள். வலியே இல்லாமல், பாதம் மடங்கி, பின்கால் நகங்களின் மேற்பக்கம் சிமெண்டில் உரசித் தேய்ந்திருந்தால் அது வேறு நோயாகவும் இருக்கலாம். முதுகுத்தண்டு நரம்பு மெல்ல மெல்ல அழியும் டிஜெனரேட்டிவ் மைலோபதி அது. இதன் பின்னால் எஸ்ஓடி1 என்ற மரபணுவின் பிழை இருப்பது 2009-இல் தெரியவந்தது. இதற்கு டிஎன்ஏ சோதனை உண்டு, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்தாலே போதும்.

இந்தச் சோதனையின் முடிவைப் படிப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு குட்டிக்கும் இந்த மரபணுவின் நகல் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வரும். இரண்டும் பிழையானால்தான் ஆபத்து. அப்போதும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. ஒன்று மட்டும் பிழையாக உள்ள நாயை கேரியர் என்பார்கள், அது அநேகமாக நோயில்லாமலே வாழ்ந்து முடியும். இரண்டு கேரியர்களை இணைத்தால் ஒவ்வொரு குட்டிக்கும் ஆபத்தில் சிக்க நான்கில் ஒரு வாய்ப்பு. கேரியரைப் பிழையில்லாத நாயோடு இணைத்தால் ஒரு குட்டிக்கும் ஆபத்து இல்லை. ஆகவே கேரியர் என்று வந்ததும் நல்ல பெட்டையை ஒதுக்கவேண்டியதில்லை, பொருத்தமான ஆணைத் தேடினால் போதும். அப்படி ஒதுக்கிக்கொண்டே போனால் மிச்சமிருக்கும் நாய்கள் இன்னும் நெருங்கிய சொந்தமாகி, ஹோராண்டின் கதையே திரும்ப நடக்கும். இப்போதே புகழ்பெற்ற ஒரு ஸ்டட் நாய்க்கு நாகர்கோவிலிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் பெட்டைகளைக் கொண்டுபோனால், இரண்டு தலைமுறையில் எல்லைக்கு இருபுறமும் அண்ணன் தங்கை முறைதான் மிஞ்சும்.

அல்சேஷனை விட்டு கோலி இன நாயை வாங்குகிறவர்களுக்கு வேறொரு மரபணு முக்கியம், எம்டிஆர்1. மூளைக்குள் மருந்து நுழையாமல் காக்கும் ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. அதில் உள்ள பிழையை 2001-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். கோலிகளில் பத்துக்கு ஏழு நாயிடம் ஒரு நகலாவது பிழையாக இருக்கிறது, அல்சேஷனிலும் கொஞ்சம் உண்டு. நம் ஈரக்காற்றில் சொறி வராத நாய் குறைவு. சொறிக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியின் அளவு, இதயப்புழுத் தடுப்புக்குக் கொடுப்பதைப் போலப் பல பத்து மடங்கு. பிழையுள்ள கோலிக்கு அதைப் போட்டால் எச்சில் ஒழுகி, கண்மணி விரிந்து, தள்ளாடி, மயங்கிச் சாகவும் கூடும். மாட்டுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தை நாய்க்குப் போடும் கைகள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

மரபணுவோடு சம்பந்தமில்லாத ஒரு சோதனையையும் விடக்கூடாது. இணைசேர்க்கும் முன் ஆண், பெண் இரண்டுக்கும் இரத்தம் பார்க்கவேண்டும். புருசெல்லா கானிஸ் என்ற கிருமி இணைசேரும்போது தொற்றிக் கருவைக் கலைக்கும், கையாளும் மனிதருக்கும் வரும். உண்ணிக் காய்ச்சலைக் கொண்டுவரும் பபீசியா தாயிடமிருந்து கருவிலேயே குட்டிக்குப் போகக்கூடியது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி வளர்த்து விற்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்யவேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையையும் 8 வயது கடந்ததையும் இணைசேர்க்கக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. களியக்காவிளையில் பஸ் மாறி அட்டைப்பெட்டியில் வரும் குட்டிக்கு எட்டு வாரம் ஆயிற்றா என்று யார் எண்ணுகிறார்கள்? இடுப்பு எக்ஸ்ரேயையோ டிஎன்ஏ சோதனையையோ இந்த விதிகளும் கேட்பதில்லை. கேட்கவேண்டியவர் வாங்குபவர்தான். தாயின் படம் எங்கே, தகப்பனின் படம் எங்கே, அதில் நாயின் மைக்ரோசிப் எண் பதிந்திருக்கிறதா? எண் இல்லாத படம் எந்த நாயுடையதாகவும் இருக்கலாம்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சோதனை ஒன்று உண்டு, அது குட்டிகளிலேயே நடக்கிறது. ஜெர்மன் சங்கம் நாயின் சொந்தப் படத்தோடு அதன் பெற்றோர், உடன்பிறப்பு, குட்டிகள் எல்லாவற்றின் இடுப்பையும் கணக்கில் எடுத்து ஒரு மதிப்பெண் போடுகிறது. சராசரி 100, குறையக் குறைய நல்லது. இணைசேரும் இரண்டின் சராசரி 100-ஐத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் விதி. ஏ தரம் வாங்கிய நாயின் மதிப்பெண்ணும் குட்டிகளின் படம் வர வர ஏறுவது உண்டு. நம் ஊரில் ஓர் ஈற்றுக் குட்டிகள் வெள்ளறடைக்கும் பாறசாலைக்கும் மார்த்தாண்டத்துக்குமாகச் சிதறிப்போகின்றன. ஆனாலும் வாங்கியவர்களின் எண்ணெல்லாம் விற்றவரின் போனில் இருக்கும். ஒன்றரை இரண்டு வயதில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, செலவில் பாதியைத் தான் ஏற்று, குட்டியின் இடுப்பைப் படம் எடுக்கவைத்து, முடிவை ஒரு நோட்டில் எழுதிவைக்கும் ஒருவர் கிடைத்தால் அவரிடம் முன்பணம் கட்டிவிட்டு அடுத்த ஈற்றுவரை காத்திருக்கலாம்.